அண்ணாந்து பாக்க ஆப்பு எதுக்குலே?

வாலே பேராண்டி. பையைத் திண்ணையில வை. அதென்னது, மூணு காலும் நடுவுல ஒரு குழாயும்? டெலஸ்கோப்பா? மாசத் தவணையா? நல்லாருக்கு. போன வருசம் டிரோன் வாங்குன. அது வேப்பமரத்துல போயி மாட்டிக்கிட்டு, காக்காயெல்லாம் கூடிப் பஞ்சாயத்து வச்சுது. இந்த வருசம் ஆகாசத்து மேல கண்ணு வச்சிருக்க. முன்னேத்தந்தான்.

விண்வெளி நிலையம் பாக்கப் போறேங்குத. பாரு, நல்ல சோலிதான். அதுக்கு எதுக்குலே இம்புட்டுச் சாமான்? தலையில மாட்டுத செவப்பு லைட்டு ஒண்ணு. முதுகுல தொங்குத பை ஒண்ணு. குளிருக்குக் கோட்டு வேற! சித்திரை மாசத்துல, சாத்தான்குளம் தேரிக்காட்டுல, கோட்டு! ராத்திரி பத்து மணிக்கும் மணலு சூடு ஆறாத ஊருலே இது. அதைப் போட்டுக்கிட்டு நின்னேன்னா ஆகாசத்தைப் பாக்க மாட்ட, ஆஸ்பத்திரி மோட்டுவளையத்தான் பாப்ப.

தாத்தா சொல்லுததைக் கேளு. அந்த நிலையம் மணிக்கு 28,000 கிலோமீட்டர் ஓடுது. விநாடிக்கு ஏழரைக்கும் மேல. நீ குழாய்க்குள்ள ஒத்தைக் கண்ணைச் செருகி, திருகாணியைத் திருகி, "தாத்தா தெரியுது"ன்னு கூவுததுக்குள்ள அது ஒரிசாவைத் தாண்டியிருக்கும். குழாயி காட்டுதது நகத்தளவு ஆகாசம். ஓடுத சாமானை அதுக்குள்ள எப்படிப் புடிப்ப? புடிக்குத ஆளு இருக்கான், இல்லைங்கலை. தொரத்திக்கிட்டே போயி, ரெண்டு பக்கமும் சூரியத் தகடு விரிஞ்சு கிடக்கதை அச்சா எடுத்தவன் இருக்கான். அவன் வருசக்கணக்காப் பழகுனவன். நீ இன்னும் குழாயோட மூடியையே கழட்டலை. மொதல்ல அதைக் கழட்டு.

வெறுங்கண்ணு போதும்லே. 109 மீட்டர் நீளம், 420 டன் எடை, நமக்கு 400 கிலோமீட்டருக்கு மேல போவுது. உச்சிக்கு நேரா வந்துட்டா எந்த நச்சத்திரமும் அதுகிட்ட நிக்க முடியாது, வெள்ளி ஒண்ணைத் தவிர. இதைப் பாக்க உனக்குத் தவணையில குழாயி. கையில வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதை கேட்டிருக்கியா? கேட்டிருக்க மாட்ட. வெண்ணெயே ஆன்லைன்ல வாங்குதவன் நீ.

அலாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு வச்சிருக்கியாம். உங்க ஆச்சி சொன்னா. ஏன்லே, திருடப் போறியா? அந்நேரத்துக்கு அது மேல போனாலும் உனக்குத் தெரியாது. அதுக்குச் சொந்தமா வெளிச்சம் இல்ல. சூரியன் பட்டாத்தான் மினுங்கும். அந்தியில நம்ம விளையப் பாத்திருக்கியா? கீழ முத்தத்துல இருட்டுக் கட்டியிருக்கும், உங்க ஆச்சி விளக்குப் பொருத்திருப்பா. பனை உச்சியில பாளை சீவிக்கிட்டு இருக்கவன் முதுகுல இன்னும் வெயிலு அடிக்கும். அவனுக்கு இன்னும் பொழுது அடையலை. அந்தப் பனையை 400 கிலோமீட்டருக்கு வளத்துப் பாரு, கணக்குச் சரியாப் போச்சா? அதான் பொழுது அடைஞ்சு ஒண்ணு ரெண்டு மணி நேரம், இல்லன்னா விடியதுக்கு முன்ன ஒண்ணு ரெண்டு மணி நேரம். நடுச்சாமத்துல அதுவும் பூமி நெழலுக்குள்ள கெடக்கும். நீயும் போர்வைக்குள்ள கெட.

சில நாளு நடு ஆகாசத்துல வந்துக்கிட்டு இருக்கும்போதே மங்கி, லேசாச் செவந்து, அந்தானைக்குக் காணாமப் போயிரும். உடனே "வெடிச்சிருச்சு"ன்னு வீடியோ போடாத. நெழலுக்குள்ள நுழைஞ்சிருக்கு, அம்புட்டுத்தான். உள்ள இருக்கவியளுக்கு இது புதுசா? ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒருக்க பூமியைச் சுத்தி வாராவ. ஒரு நாளைக்குப் பதினாறு விடியலு பாக்காவ. நீ இங்க ஒரு விடியலைக்கூடப் பாத்ததில்ல.

சரி, அந்தப் போனை எடு. ஆப்பு என்ன சொல்லுது? "எலிவேஷன் 67, அசிமுத் 220, மேக்னிட்யூட் மைனஸ் 3." சபாசு. ஜாதகக்காரன் தோத்தான். இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா முழிக்குத. பேங்குல மைனஸுன்னா கடன். ஆகாசத்துல மைனஸுன்னா பவுசு. மைனஸ் ஏற ஏற வெளிச்சம் சாஸ்தி. 220-ன்னா வடக்குல இருந்து வலமாச் சுத்தி எண்ணுத கணக்கு, தென்மேக்கு. அங்கன இருந்து கெளம்பும். 67-ன்னா எம்புட்டு ஒசரம்? கையை நேரா நீட்டு, முட்டியை மடக்கு. அந்த முட்டி அகலம் ஏறக்குறைய பத்து டிகிரி. அடிவானத்துல இருந்து ஒண்ணு மேல ஒண்ணா ஆறரை முட்டி வச்சுக்கிட்டே போ. கழுத்து வலிக்குத எடம் வரும், அதான். கருவி ஓசி. தவணை கெடையாது.

இன்னொண்ணையும் பாரு. உன் ஆப்புல ஊரு என்ன போட்டிருக்கு? பெங்களூரு! அங்க தலைக்கு மேல போவது இங்க சரிஞ்சுதாம்லே தெரியும். நீ உச்சியைப் பாத்து வாயைப் பொளந்துக்கிட்டு நிப்ப, அது வடக்க ஓரமாச் சத்தமில்லாமப் போயிரும். பெறவு "மேகம்"னு சொல்லுவ. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

ஒரு சூட்சுமம் சொல்லுதேன். அந்த நிலையம் பூமத்திய ரேகைக்கு வடக்கயும் தெக்கயும் 51.6 டிகிரி வரைக்கும் போயிட்டுத் திரும்புது. திரும்புத ஓரத்துல சனம் குடியிருக்கில்லா, லண்டன் மாதிரி ஊரு, அவிய கோடையில ஒரே ராத்திரியில பல தடவை பாத்துருவாவ. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. கொஞ்ச நாளைக்கு நல்லாத் தெரியும், பெறவு வாரக்கணக்கா ஆளையே காணோம். அதுக்காகக் கொறைப்படாத. 1990-ல விட்ட ஹப்புள் தொலைநோக்கி இருக்குல்லா, அது 28.5 டிகிரிக்குள்ளதான் சுத்துது. நம்ம தலைக்கு மேல வந்து போவும். லண்டன்காரன் தலைகீழா நின்னாலும் அது அவன் கண்ணுல படாது. சீமைக்காரன் கண்ணுக்கு எட்டாத சாமான் தேரிக்காட்டுக்காரனுக்குத் தெரியுது. இதை எந்தக் குரூப்புலயாவது போட்டியாலே? போட மாட்ட. சீனாக்காரன் நிலையமும் நம்ம தலைக்கு மேல வந்து போவுது. அதையும் சேத்துப் பாத்துக்க.

கண்ணு சிமிட்டுனா விமானம். செவப்பு, பச்சை, வெள்ளைன்னு மாத்தி மாத்தி அடிச்சா அது வாகைக்குளம் விமான நிலையத்துல எறங்கப் போவுது, வேத்துக்கிரகத்துல இருந்து வரலை. சிமிட்டாம, சத்தமில்லாம, ஒரே சீரா நடந்தா சாட்டிலைட்டு. சிலது நின்னு நின்னு பளிச் பளிச்னு அடிக்கும். சோலி முடிஞ்ச ராக்கெட்டோட ஒடம்பு அது, கேக்க ஆளில்லாம உருண்டுக்கிட்டே போவுது. இந்தச் சின்னதுகளப் பாக்கணும்னா கண்ணு இருட்டுக்குப் பழகணும், இருவது நிமிசமாவது ஆவும். நீயோ ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்க போன் வெளிச்சத்தை மூஞ்சியில அடிச்சுக்கிடுத. ஆகாசத்தைப் பாக்க வந்தவனுக்குக் குனிஞ்ச தலை நிமிர மாட்டேங்குது. கல்யாணப் பொண்ணு தோத்துது போ.

அந்த ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டு வந்தப்ப நடந்த கூத்தைக் கேளு. 2019 மே மாசம் ஒரே ராக்கெட்டுல 60 விட்டான். விட்ட புதுசுல எல்லாம் வரிசை கட்டித்தான் போவும், போகப்போகத்தான் தள்ளித் தள்ளி வெலகி மேல ஏறும். பெறவும் விட்டுக்கிட்டே இருக்கான், இன்னைக்கு ஆயிரக்கணக்குல சுத்துது. ஒருநா வெள்ளன நம்ம ஊருக்கு மேலயும் அந்த வரிசை போச்சு. எழுதப் படிக்கத் தெரியாத கெழவி ஒருத்தி, "முத்தாரம்மன் தேரு போவுது"ன்னு கும்பிட்டுட்டு அவ பாட்டுக்குத் தண்ணி எடுக்கப் போயிட்டா. படிச்ச புள்ளையள் நாலு பேரு, "ஏலியன் படையெடுத்து வாரான்"னு கதவைச் சாத்திட்டு உள்ளயிருந்து நேரலை விட்டானுவ. ரெண்டு பேருல கூறு ஆருக்கு இருக்கு, நீயே சொல்லு. ஆகாசத்தை ஆராயுத விஞ்ஞானியளோ படமெல்லாம் கோடு கோடா விழுதுன்னு தலையில கை வச்சு உக்காந்திருக்காவ. அது மெய்யான கவலை. அதை ஆரு பேசுதா?

இந்தத் திருநள்ளாறு கதைக்கு வாரேன். நீதாம்லே எனக்கு அனுப்புன. "அமெரிக்கா சாட்டிலைட்டு சனீஸ்வரன் கோயிலுக்கு மேல வந்தா மூணு விநாடி நின்னுட்டுத்தான் போவுது, நாசாவே அதிர்ச்சி." அனுப்புனது சரி. ரெண்டு நிமிசம் யோசிச்சியா? அது கீழ விழாம இருக்கதே ஓடுத ஓட்டத்துனாலதான். கீழ விழுந்துக்கிட்டேதான் இருக்கு. முன்னால ஓடுத வேகத்துல பூமியைத் தவறவிட்டுக்கிட்டே போவுது, அதான் சுத்து. நின்னா என்ன ஆவும்? நேரா கீழ வரும். வழக்கமா மூணு விநாடியில அது எங்க போயிருக்கும்? இருவது கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். காரைக்காலும் முடிஞ்சு, கடலுக்குள்ள. அந்தக் கடலு வரைக்கும் போவ வேண்டியதை நிப்பாட்டி, திரும்ப முடுக்கிவிட ஆரு இருக்கா மேல? கண்டக்டரா விசில் அடிக்கான்?

"நிக்குத சாட்டிலைட்டும் இருக்கே தாத்தா"ன்னு சொல்லுவ. இருக்கு. உங்க அப்பன் மாடியில கவுத்தி வச்சிருக்கானே டிஷ்ஷு, அது எந்நேரமும் ஒரே பக்கத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்கே, ஏன்? அது பாக்குத சாட்டிலைட்டு ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் ஒசரத்துல, பூமத்திய ரேகைக்கு நேரா, பூமி ஒரு சுத்து சுத்துததுக்குள்ள அதுவும் ஒரு சுத்து சுத்துது. நமக்கு நிக்குததாத் தெரியுது. அம்புட்டுத் தொலைவுல வெறுங்கண்ணுக்கும் தட்டாது. அது மூணு விநாடி நிக்கலை, வருசக்கணக்கா "நிக்குது". அதுக்கு ஒரு கோயிலும் காரணமில்ல.

நான் கேக்குதது ஒண்ணுதான். திருநள்ளாறுலயும் சனம் இருக்கு. கோயில் வாசல்ல எள்ளுத்தீபம் விக்குதவன் இருக்கான். அந்தியில அவன் தலைக்கு மேலயும் நிலையம் போவுது. எவனாவது ஒருத்தன் அண்ணாந்து பாத்து, நின்னுதா ஓடுச்சான்னு சொல்லக்கூடாதா? பாத்துருந்தா கதை அன்னைக்கே முடிஞ்சிருக்கும். பாக்க ஆறு நிமிசம் ஆவும், அனுப்ப அரை விநாடி போதும். அதான் அனுப்பிருதிய. சனீஸ்வரனுக்கு நாசாக்காரன் சர்டிபிகேட்டு எதுக்கு? ஏழரை வருசம் ஒருத்தனைப் புடிச்சு உலுக்குத சாமி, மூணு விநாடி ஒரு தகர டப்பாவை நிப்பாட்டித்தான் பேரு வாங்கணுமா?

இதைவிடப் பெரிய கூத்து நான் பாத்திருக்கேன். 1979. ஸ்கைலாப்! அமெரிக்காக்காரன் 1973-ல மேல அனுப்புன நிலையம். எடை 70 டன்னுக்கு மேல. அதைக் கீழ எறக்க வழியில்லாம, தானா விழப்போவுது, எங்க விழும்னு தெரியாதுன்னு ரேடியோவுல சொல்லிட்டான். நம்ம ஊருல சாவுறதுக்குள்ள சாப்புட்டுருவோம்னு கெளம்புனானுவ பாரு. வெடைக்கோழி ஒண்ணு மிஞ்சலை. கோயிலுக்கு நேந்துவிட்ட கெடாவுக்கும் அன்னைக்குத்தான் நாள் குறிச்சானுவ. எனக்குச் சொக்காரன் ஒருத்தன், ஊரெல்லாம் கடன் வாங்கித் தின்னான். "எப்படியும் ஸ்கைலாப்பு விழப்போவுது, ஆரு வந்து கேக்கப் போறா"ன்னான். கடன் கொடுத்தவன் மட்டும் என்ன யோக்கியன்? "எப்படியும் சாவப் போறோம், பணத்தை வச்சு என்ன செய்ய"ன்னு தூக்கிக் கொடுத்தான். ஜூலை 11-ந்தேதி அது இந்தியப் பெருங்கடல்லயும் ஆஸ்திரேலியாவோட மேக்குப் பக்கத்துலயும் செதறி விழுந்துது. மறுநா காலையில சொக்காரன் வீட்டு வாசல்ல கூட்டம். ஸ்கைலாப்பு இவன் தலையில விழுந்திருந்தா நிம்மதியாப் போயிருப்பான், பாவம்.

அங்க ஆஸ்திரேலியாவுல எஸ்பெரன்ஸ்னு ஒரு ஊரு. அந்த ஊரு நிர்வாகம் என்ன பண்ணுச்சு தெரியுமா? குப்பை போட்டதுக்கு நாசாவுக்கு 400 டாலரு அபராதம் எழுதிட்டு. வெளையாட்டாத்தான். நாசா கட்டலை. 2009-ல அமெரிக்காவுல ஒரு ரேடியோக்காரரு கேக்குதவங்ககிட்ட வசூல் பண்ணிக் கட்டி முடிச்சாரு. அந்த ஊருக்காரன் பயந்து கெடா வெட்டலை, ரசீது வெட்டுனான்.

இன்னும் விழுதது நிக்கலை. 2022 ஏப்ரல் 2-ந்தேதி ராத்திரி மகாராஷ்டிராவுல ஆகாசத்துல தீக்கோடா நீளமா ஊர்ந்து போச்சு. எரிகல்லுன்னாவ, வேற என்னென்னமோ சொன்னாவ. சந்திரபூர் பக்கத்துல ஒரு கிராமத்துல பெரிய உலோக வளையம் வந்து விழுந்து கெடந்துது. சீனாக்காரன் ராக்கெட்டோட மிச்சம். எரிகல்லு கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள போயிரும். இது நெதானமா, துண்டு துண்டாப் பிரிஞ்சு, பாக்குதவனுக்கு நேரம் கொடுத்துப் போவும். வித்தியாசம் கண்டுபுடிக்க இதுக்கு எந்த ஆப்பும் வேண்டாம், ஒண்ணு ரெண்டு மூணுன்னு வாயால எண்ணத் தெரிஞ்சா போதும்.

உன் பேருக்குக் கீழ என்னமோ இங்கிலீசுல போட்டிருக்கியாமே, "சாட்டிலைட் அப்சர்வர்"னு? அது சின்னப் பட்டம் இல்லலே. இங்கிலாந்துல கெட்டரிங்னு ஒரு ஊரு. அங்க பள்ளிக்கூடத்துல ஜெஃப்ரி பெர்ரின்னு ஒரு பௌதிக வாத்தியாரு. பயலுவளைக் கூட்டி வச்சிக்கிட்டு, சாதாரண ரேடியோப் பொட்டியில ரஷ்யாக்காரன் சாட்டிலைட்டோட சத்தத்தைக் கேட்டு, எப்ப வருது, எப்ப போவுதுன்னு நோட்டுல குறிச்சுக்கிட்டே வந்தாரு. 1966-ல ஒண்ணு மட்டும் கணக்குல ஒதைச்சுது. வழக்கமா விடுத எடத்துல இருந்து அது கெளம்பியிருக்க முடியாது. பின்னோக்கிக் கணக்குப் போட்டாரு, பயலுவளும் போட்டானுவ. ரஷ்யாக்காரன் வெளிய மூச்சு விடாத ராக்கெட் தளம் ஒண்ணு வடக்க பிளெசெட்ஸ்க்குல இருக்குன்னு உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு. அதைச் சொன்னது பள்ளிக்கூடத்துப் புள்ளைய. கையில என்ன இருந்துது? ரேடியோ, கடியாரம், நோட்டு. நீ வாங்குன கோட்டு வெலைக்கு நூறு நோட்டு வாங்கலாம். ஒரு நாளாவது நேரம் குறிச்சிருக்கியாலே?

முறைக்காத. உன்னை ஒண்ணும் சொல்லலை. 2025 ஜூன் மாசம் சுபான்ஷு சுக்லா நம்ம நாட்டுல இருந்து அந்த நிலையத்துக்குள்ள போனப்ப, நீ பெங்களூருல மாடியில நின்னு கையை ஆட்டுனியாம், உங்க அம்மை சொன்னா. ஆட்டுனது தப்பில்ல. அவரு பாத்துருப்பாருங்குதியே, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது. வந்து கண்ணாடி வழியா எட்டிப் பாத்தாலும் 400 கிலோமீட்டருக்குக் கீழ பெங்களூரு ஒரு வெளிச்சப் பொட்டு, அதுல நீ எங்க? ஆனா ஒண்ணு. அன்னைக்கு நீ குழாயி இல்லாம, வெறுங்கண்ணால பாத்த. அதான் கையை ஆட்டத் தோணிச்சு.

இனி நம்ம காலம் வருது, பாத்துக்க. குலசேகரப்பட்டினத்துல ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந்தேதி அடிக்கல் நாட்டியாச்சு. ஏன் இங்க? ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து துருவத்தைப் பாத்து விடுத ராக்கெட்டு நேரா தெக்க போனா இலங்கை குறுக்க வருது. வளைஞ்சு போவணும். வளைஞ்சா எரிபொருளு போவுது. சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாவாது. குலசையில இருந்து விட்டா தெக்க வெறுங்கடலுதான். தசராவுக்கு வேசங்கட்டிக்கிட்டு வார சனம், இனிமே ராக்கெட்டு வேசமும் கட்டும், இருந்து பாரு. ராக்கெட்டு தெரியுத மனைன்னு பிளாட்டுக்காரன் முள்ளுக்காட்டுல கல்லு ஊனாம இருப்பானா? அந்த மனையில நின்னா அடுத்த முள்ளுதான் தெரியும்.

நம்ம மாடி கெழக்க பாத்தது. குறுக்க பனையும் கெடையாது, கட்டடமும் கெடையாது. நான் இப்பவே மேல ஏறி, ஆளு எத்தனை உக்காரலாம்னு பாயி விரிச்சுப் பாத்துட்டேன். வெளியூரு ஆளுக்கு ஒரு வெலை, உள்ளூரு ஆளுக்கு ஒரு வெலை. சுக்குக் காப்பி தனி, பனங்கெழங்கு தனி. உங்க ஆச்சிக்கு அதுல பாதி. நீ பேரப்புள்ள, உனக்குச் சலுகை உண்டு, இல்லைங்கலை. அட்வான்ஸ் மட்டும் இப்பவே வச்சிரு. ஜீப்பே வேண்டாம், நோட்டாக் கொடு.